அறுபதுக்குப் பிறகு தஞ்சாவூர் ஓவியம் விற்க இறங்குபவர்களுக்கு

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். 54 வயதில் பொழுதுபோக்காகத் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்டேன், 60-இல் பணி முடிந்ததும் விற்கலாம் என்று இறங்கினேன். கிருஷ்ணருக்குக் கண் திறக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர், பில் போடக் கற்றுக்கொடுக்கவில்லை. அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு வருடத்தில் கைவிட்டுப் போனது 60 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இணையத்தில் கிடைக்கும் யோசனைகள் எல்லாம் முப்பது வயதுக்காரர்களுக்கானவை. நமக்குப் பென்ஷன் இருக்கிறது, அதனால் வரிக் கணக்கு வேறு. நாற்பது வருடத்துச் சான்றிதழ்கள் இருக்கின்றன, அதனால் பெயர்க் குழப்பம் வேறு. ஒரு படத்துக்கு எனக்கு ஐந்து வாரம் ஆகிறது, வருடத்துக்கு ஏழோ எட்டோதான் முடியும். அதில் ஒன்று வீணாய்ப் போனால் வலிக்கும். ஆகவே வரிசை முக்கியம். கீழே இருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் இனிஷியல்

சிரிக்காதீர்கள். எனக்கு மூன்று மாதம் தின்றது இதுதான். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். பான் அட்டையில் அப்பாவின் முழுப் பெயர். ஆதாரில் கணவர் பெயர். வங்கிப் புத்தகத்தில் கணவரின் இனிஷியல். தனித்தனியாக இருந்தவரை யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் வைத்தவுடன் கணினி ‘பொருந்தவில்லை’ என்றது.

ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள், அப்புறம் பான், கடைசியில் வங்கி. ஆதாரில் திருத்த 75 ரூபாய், பானில் 107 ரூபாய். சேவை மையத்தில் எழுதிக்கொடுக்க நூறு, இருநூறு கேட்பார்கள். ஒரு எச்சரிக்கை: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எந்தப் பெயர் வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானித்துவிட்டுப் போங்கள். பென்ஷன் புத்தகத்தில் இருக்கும் பெயரே நல்லது.

ஆதாரோடு இணைந்த கைபேசி எண் யாருடையது என்றும் பாருங்கள். என்னுடையதில் மகன் எண் இருந்தது. அவன் பெங்களூரில் மீட்டிங்கில் இருப்பான், இங்கே ஓ.டி.பி. காலாவதியாகும். உங்கள் எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கோந்தும் சாக் பவுடரும் வருடக்கணக்கில் தேய்த்த விரலில் ரேகை சரியாகப் பதிவதில்லை. இயந்திரம் மறுத்தால் கருவிழிப் பதிவு கேளுங்கள், மையங்களில் இருக்கிறது.

2. இரண்டு பதிவுகள், இரண்டும் இலவசம்

முதலாவது உத்யம். சிறு தொழில் என்று மத்திய அரசில் பதிவது. ஆதார், பான், வங்கிக் கணக்கு எண் போதும், ஓ.டி.பி. வந்தால் அரை மணி நேர வேலை. கட்டணம் கிடையாது. ஆனால் தேடினால் முதலில் வருவது அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள்தான். நான் அப்படி ஒன்றில் 1,999 ரூபாய் கட்டினேன். முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்குரிய ‘ஜிஓவி.இன்’ (gov.in) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்களைத் தட்டுங்கள்.

இரண்டாவது, கைவினைஞர் அடையாள அட்டை. ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தருவது, ‘பெஹ்சான்’ அட்டை என்பார்கள். தஞ்சாவூர் ஓவியம் கைவினைப் பட்டியலில் வருகிறது. எண்ணெய் வண்ணத்தில் சொந்தக் கற்பனையாக வரைகிறவர்களுக்கு இந்தக் கதவு கிடையாது, நமக்கு உண்டு. ஆதார், புகைப்படம், வங்கி விவரம் ஆகியவற்றோடு, நீங்கள்தான் செய்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பாதி முடிந்த படம் ஒன்றை எடுத்துப் போங்கள், முடிந்த படத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். காந்தி சில்ப் பஜார் போன்ற அரசுச் சந்தைகளில் கடை கேட்க இந்த அட்டைதான் சீட்டு. உடனே வராது, மாதங்கள் ஆகலாம். அதனால்தான் இதை இவ்வளவு முன்னால் வைத்தேன்.

3. பென்ஷன்காரர் வரிக் கணக்கில் மாட்டும் இடம்

பலருக்கும் முதல் பயம், ‘படம் விற்றால் பென்ஷன் நின்றுவிடுமோ’ என்பது. நிற்காது. மறுபடியும் அரசு வேலையில் சேர்ந்தால்தான் அந்தப் பேச்சே. பயப்பட வேண்டிய இடம் வேறு.

வருமான வரிக்கு இதுவரை நீங்கள் போட்டது ஐ.டி.ஆர்-1 படிவமாக இருக்கும். படம் விற்ற பணம் வியாபார வருமானம், அதை அந்தப் படிவத்தில் காட்ட முடியாது. ஐ.டி.ஆர்-4-க்கு மாற வேண்டும். உத்தேச வருமான முறையில், வங்கி வழியாக வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதமும், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டினால் கணக்குப் புத்தகம் வைக்கத் தேவையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ரொக்கம் வாங்காதீர்கள்.

எனக்கு யாரும் சொல்லாதது: வியாபார வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டியே வரி கட்டும் கடமை இல்லை. ஒரு படம் விற்றுவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். வருடத்தில் கட்ட வேண்டிய வரி, பிடித்தம் போக 10,000 ரூபாயைத் தொட்டால், மார்ச் 15-க்குள் கட்டியாக வேண்டும். நான் ஜூலையில் நிதானமாக உட்கார்ந்து வட்டி கட்டினேன். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் நம்மில் பலருக்குக் கட்ட எதுவும் இருக்காது. ஆனாலும் படிவம் மாறும். பழைய முறையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: சம்பளக்காரர், பென்ஷன்காரர் போல வருடாவருடம் இங்கும் அங்கும் தாவ வியாபார வருமானக்காரருக்கு அனுமதி இல்லை. பழைய முறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் அப்புறம் அந்தக் கதவு மூடிவிடும்.

முதல் வருடம் மட்டும் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். எனக்கு 2,500 ரூபாய் ஆனது. ஓவியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றும் தொடங்குங்கள். பென்ஷன் கணக்கிலேயே பணம் வாங்கினால் எது மாமா அனுப்பிய பிறந்தநாள் பணம், எது லட்சுமி படத்தின் முன்பணம் என்று மார்ச்சில் உங்களுக்கே தெரியாது.

4. விலை

இந்த இடத்தில் மெதுவாகப் படியுங்கள். என் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு படம், 15-க்கு 12 அங்குலம், வெண்ணெய்க் கிருஷ்ணன்:

பலகை, துணி, கோந்து, சாக் பவுடர், வண்ணம் எல்லாம் 450. தங்க ரேக்கு, அதாவது படத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தாள், 4,200. ஜெய்ப்பூர் கற்கள் 600. செட்டிநாடு ஃபிரேம், கண்ணாடி 2,300. ஆக 7,550 ரூபாய். வேலை 60 மணி நேரம்.

இதை ஓர் உறவினருக்கு 9,000-க்குக் கொடுத்தேன். ‘1,450 லாபம்’ என்று சந்தோஷப்பட்டேன். மணிக்கு 24 ரூபாய்! எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருபவர் அதைக் கேட்டால் வேலைக்கே வர மாட்டார்.

உங்கள் மணி நேரத்துக்கு ஒரு விலை வையுங்கள். ‘பென்ஷன் வருகிறதே, எனக்கு எதற்குக் கூலி’ என்று நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: இதே வேலையை நம்பித் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் பொருள் விலைக்கே கொடுத்தால் அடிபடுவது அவர்கள். நான் மணிக்கு 150 வைத்தேன். 60 மணிக்கு 9,000, பொருளோடு சேர்த்து 16,550.

கடையில் வைத்தால் 30 சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். 16,550-இன் மேல் 30 சதவீதம் கூட்டி 21,515 என்று எழுதினால் தவறு. கடைக்காரர் எடுப்பது விற்ற விலையில் 30 சதவீதம். உங்கள் கைக்கு வருவது 15,060, அதாவது 1,490 குறைவு. 16,550-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 23,650 வரும். முப்பது வருடம் சதவீதக் கணக்கு நடத்திய நானே இதில் சறுக்கினேன்.

வீட்டில் விற்கும் விலையும் கடை விலையும் ஒன்றாகவே இருக்கட்டும். கடையில் பார்த்துவிட்டு உங்களிடம் வந்து குறைவாக வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் அந்தக் கடை இரண்டாம் முறை உங்கள் படத்தை வைக்காது. தங்கம் ஏறுகிற வேகத்தில், சொன்ன விலை 15 நாளுக்குத்தான் செல்லும் என்று எழுதியே கொடுங்கள். ரேக்கு அசல்தானா என்ற கேள்வி வரும். வாங்கிய ரசீதின் நகலைப் படத்தோடு கொடுத்துவிடுங்கள், பேச்சு குறையும்.

5. ஜி.எஸ்.டி.

தமிழ்நாட்டுக்குள் படம் மட்டும் விற்றால் வருடத்துக்கு 40 லட்சம் தாண்டும்வரை பதிவு வேண்டாம். வகுப்பும் எடுத்தால் 20 லட்சம். நமக்கு அது பிரச்சினையே இல்லை. வெளி மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் சாதாரணமாகப் பதிவு கட்டாயம், ஆனால் கையால் செய்த கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு, தஞ்சாவூர் ஓவியம் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. இதில் ஒரு கண்ணி: விலக்கில் அனுப்பும்போது படத்தின் மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இ-வே பில், அதாவது சரக்கோடு போக இணையத்தில் எடுக்கும் சீட்டு, போட வேண்டும். அது பலருக்குத் தெரியாது. இணையச் சந்தைத் தளங்கள் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. எண் கேட்கும். ஏழெட்டுப் படத்துக்காக விடாமல் கணக்குத் தாக்கல் செய்யும் வேலையை இழுத்துக்கொள்வது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

6. ‘உங்கள் படத்தைத் தேர்வு செய்திருக்கிறோம்’

சமூக ஊடகத்தில் நான்கு படம் போட்டதும் இந்த அழைப்பு வரும். வெளியூரில் குழுக் கண்காட்சி, பிரமுகர் வருகிறார், சான்றிதழ், கேடயம். பங்கேற்புக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். நான் 18,000 கட்டினேன். ஃபிரேம், வண்டி, தங்கும் செலவு என்று இன்னொரு 21,000. போய்ப் பார்த்தால் அறை முழுக்க என்னைப் போன்றவர்கள். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், பொறியாளர், டாக்டரின் மனைவி. வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. நாங்களே ஒருவர் படத்தை ஒருவர் பாராட்டிவிட்டு, கேடயத்தோடு ரயில் ஏறினோம். ஓய்வு பெற்றவரிடம் கையில் பணம் இருக்கும், பாராட்டுக்கு ஏங்கும் மனமும் இருக்கும் என்று தெரிந்தவர்கள் இதை நடத்துகிறார்கள்.

அழைப்பவர்களிடம் கேட்க வேண்டியது மூன்று: தேர்வுக்குழுவில் யார்? போன முறை எத்தனை படம் விற்றது? விற்காவிட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்? கட்டணத்திலேயே அவர்கள் லாபம் முடிந்துவிட்டால் உங்கள் படத்தை விற்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

இதற்குப் பதில், சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது, அரங்கம் வாடகைக்குத் தருகிறார்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் வாடகை பிரிந்துவிடும், பல மாதம் முன்பே கேட்டுவைக்க வேண்டும். முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ரா கலைக்கிராமம், தமிழக அரசின் பூம்புகார் கைவினை விற்பனை நிலையங்கள் போன்ற இடங்களில் வாங்கவே வருகிற கூட்டம் உண்டு. நான் முதலில் இங்கேதான் போய்ப் பேசியிருக்க வேண்டும்.

7. கடையில் வைக்கும்போது ஒரு பக்கத் தாள்

எந்தப் படம், என்ன விலை, எத்தனை சதவீதம், எத்தனை மாதம், விற்றால் எத்தனை நாளில் பணம், கல் விழுந்தாலோ கண்ணாடி உடைந்தாலோ யார் பொறுப்பு. இவ்வளவுதான். இருவரும் கையெழுத்து. ‘நம்ம ஆளுதானே அம்மா, இதெல்லாம் எதற்கு’ என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். அவரிடம் வைத்த இரண்டு படங்களில் ஒன்று பூச்சி அரித்துத் திரும்பி வந்தது.

கமிஷனுக்கு வைக்காமல் கடைக்கே நேராக விற்றால், உத்யம் பதிவு கைகொடுக்கும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் அவர்கள் பணம் தர வேண்டும் என்று சிறு தொழில் சட்டம் சொல்கிறது. சட்டத்தை நீட்ட வேண்டாம். பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே வேகம் கூடுகிறது.

8. ஆர்டர் எடுக்கும்போது

நவராத்திரிக்கும் கிருகப்பிரவேசத்துக்கும்தான் ஆர்டர் குவியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக் பவுடரும் கோந்தும் குழைத்து எடுத்த மேடு லேசில் காயாது, காயாமல் ரேக்கு ஒட்டினால் வெடிக்கும். ஆவணிக்குள் பலகையையும் மேட்டு வேலையையும் நான்கைந்து படத்துக்கு முடித்து வைத்துவிடுங்கள். நாள் சொல்லும்போது உங்களுக்குத் தேவை என்று தோன்றுவதைப் போல இரண்டு மடங்கு சொல்லுங்கள். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த வருடம் ஒரு மாதம் நுண்ணிய வேலை எதையும் தொடவில்லை, அதற்கு முன் வாக்குக் கொடுத்த மூன்று வீட்டுக்கும் போன் செய்து கெஞ்ச வேண்டியிருந்தது.

பாதி முன்பணம் வாங்காமல் ரேக்கு வாங்காதீர்கள். முன்பணம் அனுப்புகிறேன் என்று க்யூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க யு.பி.ஐ.-யில் ரகசிய எண் தட்டத் தேவையே இல்லை. ‘ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம், அவசரம்’ என்பவர்கள் எங்கள் வகுப்பில் மட்டும் மூன்று பேரிடம் முயன்றார்கள்.

ஒருவர் தன் பெற்றோரின் உருவத்தை வரையச் சொல்லிக் காசு கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அந்தப் படத்தின் பதிப்புரிமை அவருக்கே. காலண்டரில் அச்சிடும் உரிமையும் போய்விடும். உங்களுக்கு வேண்டுமானால் பில்லிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். நீங்களாக வரைந்து விற்ற படத்தில் உரிமை உங்களோடுதான் இருக்கும், அதை விற்றதாக எழுதிக் கொடுக்காதவரை.

சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ எடுத்துப் போகிறவர் வாங்கினால், தேதி போட்ட பில்லும் நீங்கள் படத்தோடு நிற்கும் புகைப்படமும் கொடுங்கள். புதிதாகச் செய்ததே பழசு போலத் தோன்றுவதால் விமான நிலையத்தில் கேள்வி வரலாம். ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் இந்தியத் தொல்லியல் துறை தரும், புறப்படும் முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

9. வயது உதவும் இடங்கள்

கலை பண்பாட்டுத் துறை வழியாக மாவட்டக் கலை மன்றங்கள் தரும் விருதுகள் வயதுவாரியானவை. 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66-க்கு மேல் கலை முதுமணி. ஓவியமும் உண்டு. மாவட்ட அளவில் விண்ணப்பம் கேட்கும்போது நாளிதழில் சிறிதாக வரும், கண்ணில் படாமல் போய்விடும். கண்காட்சி அழைப்பிதழ், செய்தித் துணுக்கு எல்லாவற்றையும் தேதியோடு ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், அங்கே அதைத்தான் கேட்பார்கள்.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் முதுநிலை ஃபெலோஷிப் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு. மாதம் 20,000 வீதம் இரண்டு வருடம். ஆனால் ஆய்வுத் திட்டத்துக்குத்தான் கொடுக்கிறார்கள், படம் வரைந்து விற்பதற்கு அல்ல. நலிந்த மூத்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு வருட வருமான வரம்பு மிகக் குறைவு, பென்ஷன் வாங்குகிறவர் விண்ணப்பித்து அலைய வேண்டாம். வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

‘இந்த வயதில் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு நான் ஜோதையா பாய் பைகாவைச் சொல்வேன். மத்தியப் பிரதேசப் பழங்குடிப் பெண். அறுபது தாண்டித் தூரிகை எடுத்தார், 2023-இல் பத்மஸ்ரீ வாங்கினார். கேட்டவர்கள் அத்தோடு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

10. ஒரு நீள நோட்டு

கடைசி வேலை, ஆனால் முதல் படத்திலிருந்தே செய்ய வேண்டியது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண். பின்பக்கத்தில் எண், உங்கள் பெயர், வருடம். நோட்டில் அதே எண்ணுக்கு நேராக அளவு, செலவு, விலை, இப்போது எங்கே இருக்கிறது. எந்தக் கடையில் எத்தனை படம் நிற்கிறது என்பது உங்கள் தலையில் மட்டும் இருந்தால், நீங்கள் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தால் அத்தனையும் அங்கேயே நிற்கும். ஓவிய வங்கிக் கணக்குக்கு நாமினி போடுங்கள், தனிக் கணக்கு என்பதால் பலரும் மறப்பது இதைத்தான். பதிப்புரிமை நமக்குப் பிறகு 60 வருடம் வாரிசுகளுக்கு உண்டு, உயிலில் அதையும் ஒரு வரி சேருங்கள்.

என் நோட்டு பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அட்டையின் உள்பக்கம் கடைக்காரர்களின் எண்களும், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதும் பென்சிலில் எழுதியிருக்கிறது. போன தீபாவளிக்கு வந்த மகனை உட்காரவைத்து ஒருமுறை முழுதாகப் படிக்க வைத்தேன். 17-ஆம் எண் எங்கே என்று கேட்டான். பார்த்தால், கும்பகோணத்தில் ஒரு கடையில் ஒன்றரை வருடமாக நின்றுகொண்டிருக்கிறது.